மாமியார் வீடு

செவ்வாய்க்கிழமை



சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டும் என் மகள் ஸ்டெல்லா வீட்டுக்கு வரவில்லை. பட்டினப்பாக்கம் முழுக்கத் தேடினேன். கடைசியில் கரையில் நின்று அலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் திருவான்மியூரிலிருந்து அம்மா போன் செய்தாள். எட்டு வயதுப் பெண் தனியாக பஸ் ஏறி அங்கே போயிருக்கிறாள்.

"நைனாவக் கூப்டு ஆயா. மாமியார் வூட்டுக்குப் போய்க்கீறாருன்னு மீன்கடை அக்கா சொல்லிச்சு. அவருக்கு மாமியார் நீதானே?" என்று கேட்டாளாம். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து தேடினாளாம்.

அவள் அப்பா ஜெயிலில் இருப்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னேன். அவள் அழவில்லை.

"ஜெயிலுக்கு ஏம்மா மாமியார் வூடுன்னு பேரு?"

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மீன்கடைக்குப் போய்க் கேட்டாள். அக்காவுக்கு முகம் செத்துவிட்டது.

"மாமியார் வூட்டுக்குப் போனா மாப்ளைக்கு உக்காந்த எடத்துல சோறு வரும்ல கண்ணு? அங்கியும் அப்டித்தான். அதான் அந்தப் பேரு."

"அப்போ நைனாவ நல்லா பாத்துப்பாங்களாம்மா?"

"பாத்துப்பாங்க" என்றேன்.

போன வாரம் நான் பார்க்கப் போனபோது அவருக்கு இடது கண் வீங்கி மூடியிருந்தது. வழுக்கி விழுந்ததாகச் சொன்னார்.

"அடுத்த வாட்டி என்னியும் கூட்டிக்கினு போ" என்று சொல்லிவிட்டு இப்போதுதான் தூங்கிப்போனாள். சரி என்று சொல்லிவிட்டேன்.