ஈரம் காயாமல் கட்டிய ஹாப்ஸ்

அன்பு மகன் ரிம்வீதாஸுக்கு,

இயேசுவுக்குப் புகழ் உண்டாகட்டும். நீயும் சிமோனாவும் பேத்தியும் நோர்வேக் குளிரில் நோய்நொடி அண்டாமல் இருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்குக் குறைவில்லை, மனதுக்குத்தான் குறை. அப்பாவின் முழங்கால் வலி மழைக்கு முன்னால் வந்து மழையோடு போகிறது. உருளைக்கிழங்கு தோண்டியாகிவிட்டது, பீட்ரூட் இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது, கோழிகள் இறகை உதிர்த்துவிட்டு முட்டை வைக்காமல் வெட்கம் கெட்டுத் திரிகின்றன. கல்லறைத் திருநாளுக்காக உன் தாத்தா கல்லறையைச் சுத்தம் செய்து செவ்வந்தி வைத்தேன், உன் சார்பிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன்.

இதற்கு எதற்கு அம்மா கடிதம், போனில் சொல்லக் கூடாதா என்று நினைப்பாய். சொல்லத்தான் போனை எடுத்தேன், ஒரு தடவை அல்ல. நீ பேத்தியின் முகத்தைக் காட்டுவாய், நான் அவள் பல்லைப் பற்றிக் கேட்பேன், வந்த விஷயத்தை விழுங்கிவிட்டுப் போனை வைத்துவிடுவேன். காகிதம் பல்லைக் காட்டிச் சிரிக்காது. முதலில் ஒன்று சொல்கிறேன், மற்றதை அப்புறம் படி. அங்கே சாமான் ஏற்றி வரும் வேன்காரர் கையில் கொடுத்தனுப்பிய ஹாப்ஸ் பூப் பை இருக்கிறதே, நீலக்கோடு போட்ட தலையணை உறை, அதைத் தொடாதே. பேத்தியின் ஞானஸ்நானத்துக்குக் காய்ச்சும் பீரில் அதிலிருந்து ஒரு பூ கூட விழக் கூடாது. வேனில் நனைந்துவிட்டிருக்கும், தூக்கிப் போடு என்று முதலில் ஒரு கடிதம் எழுதி உறையிலும் போட்டேன். பிறகு எடுத்துக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அது வேனில் நனையவில்லை. நான்தான் ஈரத்தோடு கட்டினேன்.

இந்த வருஷம், பீருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கும் நம் ஹாப்ஸ் கொடி நன்றாகப் பூத்திருந்தது. அப்பா அது படர்ந்த கம்பத்தைச் சாய்த்து, கொடியை முழங்கால் உயரத்தில் அறுத்துக் கொடுத்தார், நாங்கள் பெண்கள் முற்றத்தில் உட்கார்ந்து பறித்தோம். விரலெல்லாம் மஞ்சள் பிசின் ஒட்டி, சோப்புப் போட்டாலும் போகாத கசப்பு. பக்கத்து வீட்டு எல்வீரா அத்தையும் வந்திருந்தாள், "அபொலோனியா, ஒன் வீட்டு ஹாப்ஸ பறிச்சிட்டுப் போனா ஒரு வாரத்துக்கு எம் புருஷன் ரொட்டி கசக்குதுன்னு கத்துவாரு, அதுக்காகவே வருஷா வருஷம் வரேன்" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தாள். பூவை மேல்பரணில் துணி விரித்துப் பரப்பினேன், இரண்டு பக்கத்து ஜன்னலையும் திறந்து வைத்துத் தினமும் கையால் புரட்டினேன். ஆனால் வானம் மூட்டமாகவே இருந்தது. அதற்குள் ஷிலுவா மாதா கோவிலுக்குப் பங்கிலிருந்து யாத்திரை பஸ் கிளம்பும் நாள் வந்துவிட்டது. பரணை அப்படியே போட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வீட்டில் நான் இல்லாத நாளில் ஒரு வேலை அரைகுறையாகக் கிடக்கக் கூடாது என்கிற கர்வம்தான், வேறென்ன. ஹாப்ஸ் காய்ந்ததா என்று பார்க்க இதழைத் தொட்டால் போதாது, அது ஒரே நாளில் காகிதம் போல் சலசலக்கும். பூவைப் பிளந்து நடுவில் இருக்கும் காம்பை மடக்க வேண்டும், படக்கென்று ஒடிந்தால் காய்ந்தது, வளைந்தால் காயவில்லை. ஜன்னலோரம் இருந்த பூக்களில் ஒடிந்தது. நடுவில் இருந்ததில் வளைந்தது. வளைந்ததை நான் பார்த்தேன், ரிம்வீதாஸ். பார்த்துவிட்டு மறுபடி ஜன்னலோரம் போய் இன்னொரு பூவை எடுத்து ஒடித்தேன். அது ஒடிந்ததும் எல்லாவற்றையும் அள்ளி மூன்று தலையணை உறையில் அழுத்திக் கட்டிவிட்டேன். நான் ஷிலுவாவில் முழங்காலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது இங்கே அது மூட்டைக்குள் வேர்த்துக்கொண்டிருந்தது. வீட்டில் உடைந்த முட்டையைக்கூடக் கணக்கில் எழுதுகிறவள் நான், இதை என் மனதுக்குள்கூட எழுதிக்கொள்ளவில்லை.

ஒரு மூட்டை உனக்கு வந்தது. ஒன்றை அப்பா புனித மிக்கேல் திருவிழாப் பீருக்கு எடுத்தார். அவருக்கு அப்போது சளி பிடித்து மூக்கடைப்பு. "காஞ்சிருக்குல்ல?" என்று கேட்டார். "காயாம கட்டுவேனா" என்றேன். அவர் அதைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, எல்வீரா அத்தையின் வீட்டுக்காரர் யுர்கிஸ் மாமா முளைகட்டிக் காயவைத்துக் கொடுத்த பார்லி மால்ட்டின் சாற்றில் ஊற்றினார். திருவிழா அன்று பங்கு மண்டபத்தில் நாற்பது பேர் மேசையில் இருந்தார்கள். முதல் குவளையிலேயே எல்லோர் முகமும் மாறிவிட்டது. பூட்டி வைத்த நிலவறை மாதிரி ஒரு வாடை. கோவில் மணியடிக்கிற கிழவர், "என்னப்பா, சாக்ஸ கழட்டாமயே பீப்பாய்க்குள்ள எறங்கிட்டியா" என்று அப்பாவைக் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். அப்பா காது வரை சிவந்துபோனார். அவர் தலை குனிந்ததை என்னால் பார்க்க முடியவில்லை. அதற்காகவா, என் கை செய்தது என்று உள்ளே தெரிந்ததாலா, இரண்டில் எது என்று தெரியவில்லை, என் வாய் முந்திக்கொண்டது. "மால்ட்டுலதான் கோளாறு, யுர்கிஸ் இந்த வருஷம் பூஞ்சை புடிச்ச பார்லியப் போட்டிருக்காரு" என்று சத்தமாகவே சொன்னேன். அப்பா என் பேச்சை நம்பினார். என் பேச்சை எப்போது அவர் நம்பாமல் இருந்தார்? எழுந்து நின்று யுர்கிஸ் மாமாவின் முகத்துக்கு நேராக, "இத பன்னிக்குப் போட்டாக்கூட மோந்து பாத்துட்டுப் போயிடும்யா" என்றார். மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் உன்னிடமும் போனில் அதையே சொன்னேன். நீ உன் நண்பர்களுக்குச் சொன்னாய். வருஷா வருஷம் அங்கே உன் நண்பர்களுக்காக வேனில் ஏறும் மால்ட் மூட்டைகள் இந்த வருஷம் ஏறவில்லை, மாமாவின் கொட்டகையில் எலிக்குத் தீனியாகக் கிடக்கின்றன. ஊரிலும் ஒருவரும் கேட்டு வரவில்லை.

மூன்றாவது மூட்டையை இந்த மாதம்தான் அவிழ்த்தேன், தூக்கம் வராத உன் சித்திக்கு ஹாப்ஸ் அடைத்துத் தலையணை தைத்துக் கொடுக்கலாம், அந்த மணத்துக்குக் கண் அயரும் என்று. மேலே வாசனையாகத்தான் இருந்தது. கையை உள்ளே விட்டதும் நடுவில் ஒரு கட்டி, சாம்பல் நிறத்தில் நூல் நூலாகப் பூஞ்சை. திருவிழாப் பீரின் அதே வாடை.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ச் சொன்னேன். சாமியார், "நாப்பது பேரு மத்தியில சொன்னத என் காதுல வந்து திருப்பி எடுத்தா எப்பிடிம்மா? நான் பீரே குடிக்கிறதில்ல" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் முற்றத்தில் சொல்லிவிடுவதாக நினைத்துப் போனேன், வாயைத் திறந்து ஆப்பிள் விளைச்சலைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன். பிறகுதான் அப்பாவிடம் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. "அவன் மூஞ்சிக்கு நேரா சொன்னது நானு, அபொலோனியா. நீ என்னச் சொல்ல விட்டுட்டு ஒக்காந்திருந்தியே" என்றார், அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இருவரும் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு யுர்கிஸ் மாமா வீட்டுக்குப் போனோம். அடுக்களையில் உட்காரச் சொன்னார்கள், காப்பி கொடுக்கவில்லை. நான் சொன்னேன். மாமா மூட்டைக்குள் கை விட்டு முகர்ந்து பார்த்துவிட்டுக் கையைக் கழுவப் போனார். எல்வீரா அத்தைதான் பேசினாள். "இத எதுக்கு இங்க கொண்டு வந்த? எங்க மால்ட் நல்ல மால்ட்டுன்னு எங்களுக்குத் தெரியாதா? அன்னிக்கு மேசையில நாப்பது பேரு. இன்னிக்கு இந்த அடுக்களையில நாலே பேரு. இதுல எங்கடி கணக்கு நேராச்சு?" என்றாள். அவள் என்னை 'டி' போட்டு அழைத்து இதுவரை நான் கேட்டதில்லை. மூட்டையை மறுபடி கட்டித் தூக்கிக்கொண்டு திரும்பினோம்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் முற்றத்தில் மூட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். "என்ன அபொலோனியா, செத்த எலியா?" என்றார் மணியடிக்கிற கிழவர். இல்லை, என் ஹாப்ஸ் என்றேன். பிளந்து காட்டினேன். மால்ட்டில் ஒரு குறையும் இல்லை, நான் காயாமல் கட்டினேன், காயவில்லை என்று தெரிந்தும் கட்டினேன், பழியை யுர்கிஸ் மேல் போட்டேன், என் வீட்டுக்காரர் தெரியாமல் பேசினார் என்றேன். பின்னால் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். யாரோ ஒருவர், "அப்ப நான் நாலு குவளை குடிச்சேனே, எனக்கு மால்ட் எது ஹாப்ஸ் எதுனு தெரியலியே" என்றார், சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாமா அங்கேதான் இருந்தார். என்னைப் பார்க்கவில்லை. அப்பா அருகில் போய்த் தொப்பியைக் கழற்றி நின்றார், இருவரும் டிராக்டரைப் பற்றி ஏதோ பேசினார்கள், கை கொடுத்துக்கொள்ளவில்லை. போகும்போது எல்வீரா அத்தை என் பக்கம் வந்து, "இங்க இருக்கிறவங்க கேட்டுட்டாங்க. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவங்க காதுல இன்னும் பழசுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் சொன்னது சரி. அதனால்தான் இந்தக் கடிதம்.

மகனே, எனக்கு வெட்கமாக இருக்கிறது. உனக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லி வளர்த்தவள் நான், அந்த வாயாலேயே உன்னையும் பொய் சொல்ல வைத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைச் சிமோனாவும் படிக்கட்டும், மறைக்காதே. உன் நண்பர்கள் ஒவ்வொருவரிடமும் நீயே சொல். வழியில் கெட்டுவிட்டதாம், யாரோ தவறாகச் சொன்னார்களாம் என்று என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. நான் மாமாவின் பெயரைச் சொல்லித்தான் பழி போட்டேன், நீயும் என் பெயரைச் சொல்லித்தான் அதை எடுக்க வேண்டும். ஞானஸ்நானத்துக்கு மாமாவின் மால்ட் வேண்டுமென்றால் நீயே போன் செய்து கேள். எனக்காக அவர் கொடுக்க மாட்டார், கொடுக்கவும் வேண்டாம்.

பேத்தியின் நெற்றியில் எனக்காகச் சிலுவை அடையாளம் போடு. சிமோனாவைக் குளிர்காற்றில் தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போக விடாதே. மாதா உங்கள் மூவரையும் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காப்பாளாக. யுர்கிஸ் மாமா மாட்டுக்குத் தீனி வைத்துவிட்டு ஏழு மணிக்கு மேல்தான் வீட்டுக்குள் வருவார். எல்வீரா அத்தை போனை எடுத்தால் மாமாவைக் கூப்பிடச் சொல்லி அவசரப்படாதே. முதலில் அவள் பேசட்டும், முடிக்கும் வரை கேள்.

உன் அம்மா
அபொலோனியா