சலீம் வரைந்த வானம்

என் உசுருக்கு உசுரான சலீம் மாப்பிள்ளைக்கு,

போன இடத்திலும் நீ சும்மா இருக்கமாட்டாய். யார் கையிலிருந்தாவது பிரஷ்ஷைப் பிடுங்கி, "கோடு இழுக்கத் தெரியாதவன் டப்பாவை ஏன்டா தொடறே?" என்று வம்பிழுத்துக்கொண்டிருப்பாய். நான் சொல்லச் சொல்ல மருமகள் செல்வி எழுதுகிறாள். எனக்குத்தான் எழுத்து வராதே.

நீ ஓட்ட, நான் கூடவே ஏறிவந்த நம்ம லாரியின் நம்பரைக்கூட நான் படித்தவனில்லை. சங்ககிரியில் அத்தனை வண்டி வரிசை கட்டி நின்றாலும், பின்கதவில் நீ வரைந்த நம்ம ஊர் மலைக்கோட்டையைப் பார்த்துத்தான் நேராகப் போய் ஏறுவேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டும் ஒவ்வொரு எஃப்.சி.க்கு முன்னாலும் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கும்போது அந்தக் கோட்டையையும் நீயே புதுசாக வரைவாய். "தூரத்து மலைக்குக் கருப்பு ஆகாது மாப்ள. நீலத்துல வெள்ளையக் கலந்து தடவு, அது தானா அந்தாண்ட தள்ளிப் போயிரும்" என்பாய். சிவப்பும் பச்சையும் ஒட்டி நின்றால் சண்டை போடும் என்று நடுவில் மெல்லிசாக ஒரு வெள்ளைக்கோடு இழுத்துவிடுவாய்.

கடைசியாக நீ வரைந்த வானம் நினைவிருக்கிறதா? பெயிண்ட் ஷெட்டே சிரித்தது. "என்னங்க பாய், சொட்டு நீலத்தக் கவுத்துட்டீங்களா?" என்று கேட்டார்கள். உனக்குக் கண்ணில் புரை, டாக்டரிடம் போ என்று நானும் சொன்னேன். "எங்கண்ணு நல்லாத்தான் இருக்குது, ஊருதான் மங்கிப்போச்சு" என்றாய். மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மனசிலிருந்தே வரைந்து முடித்தாய்.

இப்போது என் சேதி கேள். எனக்கும் புரைதான். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆகிவிட்டது. கட்டை அவிழ்த்து வீட்டுக்கு வந்தால் சுவரெல்லாம் பளீரென்று வெள்ளை. "எப்ப சுண்ணாம்பு அடிச்சீங்க?" என்றேன். "அது எப்பவும் வெள்ளைதானுங்க மாமா" என்று செல்வி சிரிக்கிறாள். இத்தனை நாளும் மஞ்சள் என்றல்லவா நினைத்திருந்தேன்!

நீ கண்ணை மூடிய பிறகு போன வாரம்தான் வண்டி முதல்முறையாக எஃப்.சி.க்காகப் பெயிண்ட் ஷெட்டில் ஏறியது. இப்போது வண்டியை ஓட்டும் என் மகன் முருகேசன் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஏனுங்கப்பா, அந்தப் பின்கதவ சுரண்டிப்போட்டு ஒரே கலரா அடிச்சுரலாமுங்களா? ரோட்டுல பாக்கறவன்லாம் சிரிக்கறானுங்க."

புதுக்கண்ணால் பார்த்தேன். கண்ணைக் குத்துகிற நீலம். ஊர் சொன்னது நிஜம்தான் மாப்ள. மனசு கேட்கவில்லை, ஆனாலும் சரியென்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பெயிண்டர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த தூசி பறந்து வந்தது. ஆபரேஷன் பண்ணின கண்ணைச் சட்டென்று கையால் பொத்திக்கொண்டேன்.

பழைய கண்ணுக்கு அங்கே வேறு வானம் தெரிந்தது. பனி விலகிய விடிகாலையில், லோடு ஏற்றிக்கொண்டு நாம் கிளம்பும்போது கோட்டைக்கு மேலே தெரியுமே, அதே சாந்தமான நீலம். மனசிலிருந்த அந்த வானம் உன் புரை விழுந்த கண்ணுக்குச் சரியாக வரும்வரை நீலத்தை ஊற்றிக்கொண்டே இருந்திருக்கிறாய். அப்படித்தானே?

முருகேசனிடம் சொன்னால் நம்பவில்லை. பெயிண்ட் படக்கூடாதென்று இண்டிகேட்டர் மூடிகளைக் கழற்றி வைத்திருந்தார்கள். என் பழைய கண் மாதிரியே மங்கின, வெயிலில் வெளுத்த மஞ்சள் மூடி ஒன்றை எடுத்து அவன் கண்ணில் வைத்தேன்.

"இதுல பாரு சாமி."

மூடியை எடுத்தும் வைத்தும் மாற்றி மாற்றிப் பார்த்தான். அப்புறம், "சலீம் மாமா சரியாத்தான் போட்டிருக்காருங்கப்பா" என்றான். பெயிண்டரைக் கூப்பிட்டு, "அண்ணா, கதவத் தொடாதீங்க. சுத்தி பார்டர் மட்டும் இழுங்க, போதும்" என்று சொல்லிவிட்டான். எனக்கு வயிறு நிறைந்துபோனது.

அடுத்த மாதம் இன்னொரு கண்ணுக்கும் ஆபரேஷன். அதன் பிறகு உன் வானம் எனக்கும் சொட்டு நீலமாகத்தான் தெரியும். பயமில்லை. அந்த மூடியை முருகேசன் எனக்கே கொடுத்துவிட்டான், சட்டை ஜோப்பில்தான் கிடக்கிறது. வண்டி ஊர் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அதைக் கண்ணில் வைத்து நீ பார்த்த மாதிரியே பார்ப்பேன். சிரிக்கிறவன் கண்ணிலும் வைத்துக் காட்டுவேன். இது சத்தியம்.

அங்கே வானம் என்ன நிறம் மாப்ள?

உன் வண்டியிலேயே ஏறித் திரிந்த மாப்பிள்ளை,
பழனியப்பன்