உறுதிமொழி வாசித்த நாள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலமா என்று கேட்கவே கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன். ஊருக்குப் போய் உடம்பு தேறியதா? மாப்பிள்ளை உன்னிடம் முகம்கொடுத்துப் பேசுகிறாரா?

இங்கே நம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் அப்படியேதான் இருக்கிறது. மூன்றாவது மெஷின் இன்னும் குதியாட்டம் போட்டுத் தரையெல்லாம் தண்ணீர் விடுகிறது. அதை மாற்ற யாருக்கும் அவசரமில்லை.

நேற்று பெண்கள் சமத்துவ நாள். ஆஸ்பத்திரி முழுக்கக் கொண்டாட்டம், நம் சாப்பாட்டு அறையிலும் பலூன் கட்டினார்கள். ஆளுக்கொரு ரோஜா, ஒரு துண்டு கேக். பெண்களை மதிப்பதைப் பற்றி சூப்பர்வைசர் அரைமணி நேரம் பேசினார். பிறகு, மூத்தவள் என்று உறுதிமொழி வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். ‘உடன் வேலை செய்யும் பெண்ணுக்கு அநியாயம் நடந்தால் வாய்மூடி இருக்க மாட்டேன்’ என்ற வரி வந்தது. அதோடு வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் நீ சூப்பர்வைசரிடம், “சார், ஈரத்துணி வண்டி தள்ள முடியல, மடிக்கிற வேலை குடுங்க” என்று கேட்டபோது நான் இரண்டடி தள்ளித்தான் நின்றேன். “முடியலன்னா வீட்டுல இரு” என்று அவர் சொன்னதும் என் காதில் விழுந்தது. மூன்றாம் நாள் அந்த வண்டியைப் பிடித்தபடியே சரிந்தாய். குழந்தை தங்கவில்லை. விசாரணையில் நான், “அவ கேட்டு நான் பாக்கலைங்க” என்றேன். பதினோரு வருஷம் காத்திருந்த வேலை எனக்கு நிரந்தரமாகும் சமயம் அது. ஆகியும் விட்டது. நீ என்னைத் திட்டக்கூட இல்லை.

நேற்று அந்தத் தாளை மடித்துவிட்டு மைக்கிலேயே சொன்னேன்: “அந்தப் பொண்ணு கேட்டா. நான் பார்த்தேன். பொய் சொன்னது நான்தான்.” மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். இன்று காலை அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்கு நான் அழவில்லை. வாசல்வரை பின்னாலேயே வந்த ஒரு புதுப் பெண், “எனக்கும் நாலு மாசம் அக்கா, சொல்லவே பயமா இருக்கு” என்றாள். அப்போதுதான் உடைந்துபோனேன்.

நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். தொழிலாளர் அலுவலகத்தில் கொடு. எங்கே கூப்பிட்டாலும் வந்து சொல்வேன். போனது இதனால் திரும்பாது என்று தெரியும்.

என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. பெண் குழந்தை என்று நர்ஸ் சொன்னார். அவளுக்கு என்ன பெயர் வைக்க நினைத்திருந்தாய்? மனம் வரும்போது ஒரு கார்டில் அதை மட்டும் எழுது, வேறொன்றும் வேண்டாம். நீ நன்றாக இருக்க வேண்டும், தாயே.

இப்படிக்கு,
நீ அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள்