போஞ்சியின் குளிசையும் அப்பாவின் தயிர்ச்சட்டியும்

ஆரையம்பதி
16.03.2025

அன்பு மகள் பிரஷாந்திக்கு,

அம்மன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் உன்னுடைய நாய் போஞ்சியும் நல்ல சுகம். அங்கே பிரிஸ்பேனில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் வந்தால் அப்பா பக்கத்து நாற்காலியை விட்டு அசைவதில்லையே, அவரைப் பற்றிய கதையை அவர் முன்னால் எப்படிச் சொல்வது? அதுவும் புகழ்கிற கதை. முப்பத்தைந்து வருடத்தில் ஒருநாளும் அவரை நேரே புகழ்ந்ததில்லை, இனியும் பழக்க மாட்டேன்.

போஞ்சிக்கும் எனக்கிருக்கிற அதே தைரொயிட் குறைவுதான் என்று சொன்னேன் அல்லவா. சாப்பாடு கூடாமலே உடம்பு ஊதி, வால் மயிர் கொட்டி, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விற்க வருகிறவனின் ஓட்டோச் சத்தத்துக்குக்கூட ஊளையிடாமல் கிடந்தான். வருகிறவர்கள் இது போஞ்சிக்காயா பூசணிக்காயா என்று சிரித்தார்கள். மிருக வைத்தியர் றமீஸா காத்தான்குடிப் பிள்ளை, கெட்டிக்காரி. காலை ஆறுக்கும் பின்னேரம் ஆறுக்கும் ஒவ்வொரு குளிசை, எப்போதும் ஒரே மாதிரி ஒரு பிடி சோற்றில் வைத்துக் கொடுங்கள், பால் தயிர் சேரக் கூடாது, ஒரு நேரம் தவறினால் அடுத்த நேரம் இரண்டாகக் கொடுக்க வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொன்னார். அவனுக்குரிய அளவு என்னுடையதைவிடப் பல மடங்கு என்பதால் மாறிப்போகாமல் என் குளிசையை அலுமாரியிலும் அவனுடையதைக் குசினித் தட்டில் நீலப் பேணியிலும் வைத்தேன். கொடுக்கிற பொறுப்பை அப்பா எடுத்துக்கொண்டார். இரண்டு மாதமாகியும் ஒரு மாற்றமும் இல்லை. பத்து வயது நாய்க்கு இனி என்ன வைத்தியம் என்று அயலில் பேசினார்கள், எனக்கும் அவன் போய்விடுவான் என்று பயம் பிடித்துவிட்டது. உனக்கு மறைத்தேன், மன்னித்துக்கொள்.

தைப்பொங்கல் கழிந்த கிழமை இரண்டாவது இரத்தச் சோதனையின் முடிவு வந்தது. குளிசை உடம்பில் ஏறவே இல்லை, அளவைக் கூட்டுவோம் என்று டொக்டர் பேனாவை எடுத்தார். அப்போது அப்பா எழும்பி நின்று, “கொஞ்சம் பொறுங்க டொக்டர், கூட்டாதீங்க. சோத்தத் துப்புறான் எண்டு நாந்தான் தயிருக்குள்ள வெச்சிக் குடுத்தநான். எங்கட எருமத் தயிர் ஆருக்குக் கெடுதி செய்யப்போகுது எண்டு நினைச்சன்” என்றாரே பார்க்கலாம். கிரானிலிருந்து ஆடு கொண்டுவந்தவர் முதல் அறை நிறைய ஆட்கள். கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கராக இருந்து ஊர் வழக்குக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிற மனிதர், வீட்டில் கதவைத் தானே திறந்து போட்டுவிட்டுக் காற்றைக் குற்றம் சொல்கிறவர், அத்தனை பேருக்கு முன்னால் தன் பிழையைச் சொன்னார். தயிரோடு கொடுத்தால் குளிசை உடம்பில் ஒழுங்காகச் சேராது, இது தெரியாமல் அளவைக் கூட்டியிருந்து பிறகு ஒருநாள் தயிர் நின்றுபோனால் நெஞ்சு படபடத்து, மூச்சு வாங்கி ஆபத்தாகியிருக்கும் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். “நீங்க ஒளிக்காமச் சொன்னதுதான் ஐயா அவனக் காப்பாத்தின” என்றார். அப்பாவின் காது சிவந்துபோயிற்று. இவர் என்னுடைய மனுசன் என்று அங்கே உரத்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது எனக்கு. ஆனால் தயிர்ச்சட்டி குறைகிறதென்று இத்தனை நாளும் அடுத்த வீட்டுப் பூனைக்குக் கொடுத்த ஏச்சையெல்லாம் வரும் வழியில் அவருக்குச் சேர்த்துக் கொடுத்தேன்.

அளவு மாற்றவில்லை. மீன் பிசைந்த சோற்றில் அதே குளிசைதான். போனில் மணி வைத்து நேரம் தவறாமல் அப்பாவே கொடுக்கிறார், விழுங்கினானா என்று வாயைத் திறந்து பார்க்கிறார். இப்போது வாலில் மயிர் முளைக்கிறது. நேற்றுப் பின்னேரம் பாண் ஓட்டோ பாட்டோடு முடக்கில் திரும்ப, போஞ்சி வாசல் படலை வரைக்கும் ஓடித் தலையைத் தூக்கி ஊளையிட்டான் பார், தெருவே திரும்பிப் பார்த்தது. அப்பா கண்ணைத் துடைத்தார். கேட்டால் காற்றுக்குத் தூசி விழுந்துவிட்டதாம்.

இன்னுமொன்று. இந்தத் தைரொயிட் வருத்தம் என்னிடமிருந்து உனக்கும் வந்ததுதானே. நீ குளிசையைப் பால் தேத்தண்ணீரோடு விழுங்குவதாக மருமகன் வாய் தவறிச் சொல்லிவிட்டார், அவரோடு சண்டைக்குப் போகாதே. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடு. அப்பா சபையில் ஒத்துக்கொண்டார், நீ எனக்கு மட்டும் ஒத்துக்கொண்டால் போதும்.

அம்மன் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்க மாட்டாள்.

உன்னையும், சொல்லாவிட்டாலும் உன் அப்பாவையும் நினைத்துப் பெருமைப்படும்
அம்மா
கண்ணகை