ஆளுக்கு இரண்டு டிஸ்க்

ஜூன் 6, 2024

நாலு டிஸ்க் போடும் பெட்டி வந்துவிட்டது. நாங்கள் எடுத்த கல்யாண வீடியோக்கள் எல்லாம் உதிரி டிஸ்க்குகளாக மேசை நிறையக் கிடக்கின்றன. இனி ஒரே இடம். ரமணன் திருகாணி முடுக்கினார், நான் கம்ப்யூட்டரில் இருந்தேன். பெட்டிக்கு அறிவு கிடையாது, வெறும் கூடு. சாஃப்ட்வேர்தான் நாலையும் சேர்த்து ஒரே டிஸ்க் ஆக்குகிறது. எதைக் கொடுத்தாலும் துண்டு துண்டாக நாலிலும் பரப்பி வைக்கும். எந்த ஒன்று செத்தாலும் மிச்சம் மூன்றும் சேர்ந்து அதில் இருந்ததைச் சொல்லிவிடும். இரண்டு செத்தால் ஒன்றும் கிடைக்காது.

"எது எங்க போடணும்?" என்று கேட்டார்.

"எங்க போட்டாலும் மதி, எல்லாம் ஒண்ணுதான். அதுக்கே தெரியும்."

இன்று முழுக்க நாங்கள் பேசியது இவ்வளவுதான். எட்டு வருடக் கல்யாணத்துக்கு இது மோசமில்லை.

ஜூன் 8

நாலு விளக்கும் பச்சை. எல்லாவற்றையும் பெட்டிக்கு மாற்றியாயிற்று. உதிரி டிஸ்க்குகளை அழித்து ஷூட்டிங்குக்கு எடுத்துக்கொண்டோம். வேறு பிரதி கிடையாது.

ஜூலை 21

பிரிவதென்று முடிவு. அடி இல்லை, குடி இல்லை, வேறு பெண்ணும் இல்லை. அதனால்தான் யாருக்கும் சொல்லி விளங்க வைக்க முடியவில்லை. அம்மா மட்டும், "அப்ப பின்ன எதுக்கு மக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். எதுக்கு? ஒரே அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து ஊரார் கல்யாணத்தை வெட்டி ஒட்டினோம். எப்போது பேச்சு நின்றது என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

ஆகஸ்ட் 4

தாணுமாலயன் மாமா வந்து பாகம் வைத்தார். அம்மாவின் அண்ணன், தென்னையும் வயலும் பாகம் வைத்துப் பழகிய கை. கேமரா ரமணனுக்கு, கம்ப்யூட்டர் சுஜாவுக்கு, அதாவது எனக்கு, லைட் இவனுக்கு, மேசை இவளுக்கு. கடைசியில் பெட்டி.

"நாலு உண்டு. ஆளுக்கு ரெண்டு. இதுல என்ன பெரிய கணக்கு?" என்றார் மாமா.

ரமணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இரண்டாகப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒன்றும் திறக்காது. எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் வாய் திறந்தால் பேச்சு பெட்டியோடு நிற்குமா? நான் சொல்லவில்லை. அவரும் சொல்லவில்லை.

இரண்டு டிஸ்க்கைத் தோர்த்துத் துண்டில் சுற்றிக்கொண்டு பனச்சமூட்டில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மாமா திருப்தியாகச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 5

இரண்டை மட்டும் போட்டுப் பார்த்தேன். திறக்கவில்லை. திறக்காது என்று தெரிந்துதான் போட்டேன்.

ஆகஸ்ட் 29

அழுகை வரவில்லை. பசியும் வரவில்லை. அம்மா என் முகத்தையே பார்க்கிறாள்.

செப்டம்பர் 19

நந்தனா கூப்பிட்டாள். மே மாதம் நாங்கள் எடுத்த பாறசாலைக் கல்யாணம். மாப்பிள்ளை இங்கிலாந்தில்; அவளுக்கு விசா வேண்டும்.

"சேச்சி, எங்க கல்யாணம் உள்ளதாக்கும்னு அவங்களுக்குக் காட்டணும். ஃபோட்டோவும் வீடியோவும் இல்லாம ஒண்ணும் நடக்காது. எப்பக் கிட்டும்?"

அவள் கல்யாணம் பாதி இங்கே, பாதி பனச்சமூட்டில் கிடக்கிறது என்று எப்படிச் சொல்வது? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லிவிட்டேன். அழிந்தால் அழியட்டும் என்று நான் விட்டது என் கல்யாணத்தை. அவளுடையதையும் அப்படி விட்டுவிட எனக்கு என்ன உரிமை?

செப்டம்பர் 20

ரமணனைக் கூப்பிட்டேன். நந்தனா பெயரைச் சொன்னதுமே, "நாளைக்குக் கொண்டு வாறேன்" என்றார்.

செப்டம்பர் 21

வந்தார். அதே தோர்த்து, பிரிக்கவே இல்லை என்று நினைக்கிறேன். நாலையும் போட்டோம். விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. எல்லாக் கோப்பும் இருந்த இடத்தில் இருந்தது, ஒன்றுமே நடக்காத மாதிரி. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

நந்தனா கல்யாணத்தைத் தனி டிஸ்க்கில் எடுக்கும் வரை இருவரும் உட்கார்ந்திருந்தோம். அம்மா சாயா கொண்டு வந்தாள். "மெலிஞ்சு போய்ட்டீங்களே" என்று அவரிடம் சொன்னாள். என்னிடமும் அதைத்தானே தினம் சொல்கிறாள்.

போகும்போது அவர் ஒன்றை மட்டும் உருவினார்.

"ரெண்டு கொண்டு போணும்லா?"

"ஒண்ணு மதி, போதும். மூணு இருந்தா உனக்குத் திறக்கும்."

"ஒண்ணை வச்சு நீங்க என்ன செய்யப் போறீய?"

"இருக்கட்டு. இங்க ஏதாவது கேடாச்சுன்னா கூப்பிடு. கொண்டு வாறேன்."

அந்த ஒன்று அவருக்கு எதற்கும் உதவாது. திரும்பி வர ஒரு காரணம் கையில் இருக்கட்டும் என்று எடுத்துப் போகிறார். புரிந்தது. புரிந்தும் சாயா தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அக்டோபர் 17

'ஒரு டிஸ்க் குறைவு' என்று கம்ப்யூட்டர் தினமும் எச்சரிக்கிறது. மூன்றில் இன்னொன்று போனால் எல்லாம் போகும். புது டிஸ்க் வாங்கி மேசையில் வைத்திருக்கிறேன், உறைகூடப் பிரிக்கவில்லை. புதிதாக எதையும் பெட்டியில் எழுதவும் இல்லை. எழுதினால் அவர் கையிலிருப்பது பழசாகிவிடும். புது வேலையெல்லாம் மறுபடியும் உதிரி டிஸ்க்குகளில். பைத்தியக்காரத்தனம்தான்.

அக்டோபர் 30

நந்தனாவுக்கு விசா கிடைத்துவிட்டது. ஃபோனில் சிரிக்கிறாள். "ரமணன் சேட்டனிட்டயும் சொல்லுங்க" என்றாள். சொல்லவில்லை.

நவம்பர் 10

பெட்டியில் காலியாக இருந்த இடத்தில் நேற்றுப் புது டிஸ்க்கைப் போட்டேன். அவர் கொண்டுபோனதில் இருந்ததையெல்லாம் மற்ற மூன்றும் சேர்ந்து அதில் எழுதின. இன்று மதியம் முடிந்தது. இனி அவருடையதைக் கொண்டு வந்தாலும் இந்தப் பெட்டிக்கு அது யாரோ.

அவருக்கு எழுதினேன்: 'பெட்டி சரியாச்சு. உங்க கையில இருக்கிறதை அழிச்சிட்டு வேற வேலைக்கு எடுத்துக்கிடுங்க.' கொஞ்ச நேரம் கழித்து 'சரி' என்று வந்தது.

அடுக்களைக்குப் போய் அரிசி களைந்தேன்.

"எதுக்கு மக்கா அழுவுற?" என்று அம்மா கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"நாலும் பச்சையாச்சு அம்மா" என்றேன்.