ஹார்லனின் வேலியும் மெர்னாவின் புத்தகமும்

பண்ணை வீடு, நெப்ராஸ்கா
நவம்பர், சனிக்கிழமை பிற்பகல்

அன்பு மெர்னாவுக்கு டெல்மர் எழுதுவது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் அவ்வளவு பேசினாய். நான் "ம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எனக்குத் தொலைபேசியில் பேச வராது, உனக்கே தெரியும். அதனால் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். பிழைகளைப் பார்த்துச் சிரிக்காதே. இந்த வீட்டில் எழுதத் தெரிந்த ஆள் பாஸ்டனில் இருக்கிறாள்.

அச்சுக்குப் போக வேண்டிய புதுப் புத்தகத்தை நிறுத்தச் சொல்லப்போகிறேன் என்றாய். அக்கம்பக்கத்து மனிதர்களின் வாழ்க்கையை எடுத்துக் கவிதை எழுத எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றாய். முதல் புத்தகம் வந்ததும் பக்கத்துப் பண்ணை ஹார்லன் நம்மோடு பேச்சை நிறுத்தினானே, அது இன்னும் உன்னை உறுத்துகிறது. கல்லூரி வேலையையும் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறேன் என்றாய். அதற்கான பதில்தான் இது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

நின்றுகொண்டு படித்தால் உட்கார்ந்துகொள். என் வலது கால் முறிந்துவிட்டது. நீ பாஸ்டனுக்குப் போன அதே மாதம் நடந்தது. இந்தக் கிடேரியை விற்றுவிடலாம் என்று நான் சொன்னபோது, அதன் கண்ணைப் பாருங்கள் என்று சொல்லி ஒன்றை நிறுத்திவைத்தாயே, அதேதான் என்னைக் கதவோடு வைத்து நசுக்கியது. அப்போதும் அதன் கண் அழகாகத்தான் இருந்தது. டாக்டர் காலுக்குள் தகடு வைத்திருக்கிறார். எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்கிறார். முன்பு ஒரு தடவை தொலைபேசியில் "நடந்துகிட்டுத்தான் இருக்கேன்" என்று சொன்னேனே, அது பொய்யில்லை. எதை ஊன்றிக்கொண்டு என்று நீ கேட்கவில்லை.

ஏன் மறைத்தேன் என்று கோபப்படுவாய். இதற்கு முன்னால் இரண்டு தடவை உனக்கு இப்படி வெளியூர் போய் வேலை பார்க்கும் வாய்ப்பு வந்தது. ஒரு தடவை என் அம்மா படுக்கையில் விழுந்தாள். இன்னொரு தடவை ஆலங்கட்டி மழை நம் வயலைத் தின்றுவிட்டது. இரண்டு தடவையும் கட்டிய பெட்டியை நீ பிரித்து அடுக்கினாய். மூன்றாவது தடவை அது என் காலால் நடக்கக்கூடாது என்று நினைத்தேன். ஊரும் ஒத்துழைத்தது. காப்பிக்கடை ரோஸ்லின் எல்லோரையும் மிரட்டி வைத்திருந்தாள்: "மெர்னா காதுக்கு இது போச்சுன்னா, சொன்னவங்களுக்கு இந்தக் கடையில காப்பி கிடையாது." யார் வீட்டில் ரொட்டி கருகினாலும் மறுநாள் தேவாலயத்தில் விசாரிக்கிற ஊர் இது. இதில் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மக்காச்சோளம் அறுக்காமல் வயலிலேயே நின்றது. ஆள் கேட்கலாம் என்றால் அவரவர் அறுவடையே முடியவில்லை. நீ பேசிய மறுநாள் காலை சரளைச் சாலையில் பெரிய சத்தம். தடியை ஊன்றி ஜன்னலுக்குப் போனேன். ஒன்றன்பின் ஒன்றாக அறுவடை இயந்திரங்கள், பின்னால் லாரிகள். நான் யாரையும் கூப்பிடவில்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது ஹார்லனின் இயந்திரம். எதிரே வண்டியில் வந்தால்கூட ஸ்டீரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி நமக்கு வணக்கம் சொல்லாதவன். வாசலுக்குப் போனேன். மேலே உட்கார்ந்தபடியே சொன்னான்: "உன்னைப் பார்க்க வரல. சோளம் நிக்குது, பனி வரப்போகுது. உள்ளே போய் உட்காரு, இன்னொரு காலையும் ஒடிச்சுக்காதே."

மதியத்துக்குள் முக்கால்வாசி அறுத்துவிட்டார்கள். ரோஸ்லின் கடையைப் பூட்டிவிட்டு, இறைச்சியும் முட்டைக்கோஸும் அடைத்த பன்களைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்தாள். பிக்கப் வண்டிகளின் பின்பலகையை இறக்கிவிட்டு எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.

அறுக்க வந்த டுவெய்ன்தான் ஆரம்பித்தான். "டெல்மர், எனக்குக் கூலி வேண்டாம். அடுத்த புத்தகத்துல என்னை நல்லவனா எழுதச் சொல்லு. நான் டிராக்டரை ஓடையில இறக்கினதை ஊரே படிச்சுருச்சு" என்றான். "ஓடையில இறக்கினது யாரு, மெர்னாவா?" என்று ரோஸ்லின் கேட்டாள். அதன் பிறகு ஆளாளுக்கு "இது என்னைப் பத்தின கவிதை, அது உன்னைப் பத்தினது" என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். நூலகத்துப் பெண்களைத் தவிர இங்கே யாரும் உன் புத்தகத்தைத் தொடவில்லை என்று நாம் நினைத்திருந்தோம். எல்லோர் வீட்டிலும் இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

டுவெய்னுக்கு வாய் சும்மா இருக்காதே. ஹார்லனைப் பார்த்துத் திரும்பினான். "உன்னோடது எப்படி வரும்? 'கம்பியை முறுக்கி முறுக்கி ஊரை வெளியே நிறுத்தினான்', அதுதானே?" என்றான். எல்லோரும் அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டோம். நீ பெயர் போடாமல்தான் எழுதினாய். ஆனால் இடது கையில் மட்டும் கையுறை போட்டுக்கொண்டு வேலி கட்டுகிறவன் இந்தப் பக்கத்தில் வேறு யார்?

ஹார்லன் பன்னைக் கீழே வைத்தான். "அப்படி இல்ல. ஊரை வெளியே நிறுத்தினான்னு அவ எழுதல. 'கம்பியை முறுக்கி முறுக்கித் தன்னை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டான்', அப்படித்தான் இருக்கு" என்றான். பிறகு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் முழுக் கவிதையையும் சொன்னான். யார் முகத்தையும் பார்க்காமல், வயலைப் பார்த்துச் சொன்னான். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. முடித்துவிட்டுக் காப்பியை எடுத்தான். "எனக்கு அவ மேல கோபம்தான். பொய் எழுதினதுக்கு இல்ல" என்றான். டுவெய்ன்கூடச் சிரிக்கவில்லை.

பொழுது சாய்வதற்குள் வயல் சுத்தமாகிவிட்டது. மற்றவர்கள் போன பிறகு ஹார்லன் வாசலுக்கு வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். மார்ச் மாதம் அவன் மனைவி ஜானெல்லை அடக்கம் செய்தபோதும் இப்படித்தான் நின்றான். "உன் பொண்டாட்டி புத்தகத்துல நாங்க எல்லாரும் இருக்கோம், டெல்மர். ஜானெல் மட்டும் இல்ல. அவ போனப்புறம் மறுபடியும் மறுபடியும் தேடிப் பார்த்துட்டேன். புதுசுல இருக்காளா?" என்று கேட்டான். எனக்குத் தெரியாது என்றேன். "இல்லேன்னா எழுதச் சொல்லு. பேரைப் போட்டே எழுதச் சொல்லு. அவளைப் பத்திச் சொல்லணும்னா எனக்கு நாலு வார்த்தைக்கு மேல வரமாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உரிமை என்றால் என்ன என்று உன் கல்லூரிக்காரர்களைக் கேட்டுக்கொள். நான் பார்த்ததை எழுதிவிட்டேன். அன்றைக்கு நம் வயலில் இறங்கியவர்கள் எல்லோருக்கும் நான் கடன்பட்டவன். உனக்கும்தான். சோள லாரியை ஓட்டிக்கொண்டே நீ என் பக்கத்தில் மனசுக்குள் கவிதையை வரி வரியாகக் கட்டிக்கொண்டு வருவாய்; அது எதற்கென்று எனக்குப் புரிந்ததில்லை. அன்றைக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது புரிந்தது. நீ என் மனைவியாக வாய்த்ததற்குக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

என் முறிந்த காலைப் பார்க்க ஓடி வராதே. வீடு காலியாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. ஆனாலும் கல்லூரி வேலை முடிகிற மே மாதம் வரைக்கும் அங்கேயே இரு. புத்தகத்தை நிறுத்தாதே. ஜானெல்லைப் பற்றி உனக்கு நினைவில் இருப்பதை எழுது. பெரிதாக வேண்டாம். அவள் சிரிப்பது, கோழிகளைத் திட்டுவது, எதுவானாலும் போதும்.

இப்போது ஹார்லன் தினமும் காலையில் வந்து நம் மாடுகளுக்குத் தீவனம் போடுகிறான். எதுவும் கேட்பதில்லை. காப்பி குடித்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொள்கிறான். போகும்போது கதவருகில் ஒரு நிமிடம் நின்று, உன்னிடமிருந்து வருகிற தபால்களை நான் வைக்கிற மேசையைப் பார்த்துவிட்டுப் போகிறான்.

கடவுள் உன் கூடவே இருந்து உன் கையை நடத்தட்டும்.

உன்
டெல்மர்