நீயாக நான் நின்ற மதியம்

அன்பு மனைவிக்கு,

இங்கே நானும் மகளும் நலம். அங்கே நீயும், உன் முதுகுவலியும், அந்த அறையின் ஓயாத ஹீட்டரும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். சமையலறை இன்னும் தன் காலில் நிற்கிறது. உன் செடிகளில் இரண்டு காலமாகிவிட்டன. மற்றவை என்னை நம்பாமல் மழையை நம்பி உயிரோடு இருக்கின்றன. மகளுக்குச் செருப்பு மறுபடி சின்னதாகிவிட்டது.

போனில் சொல்ல வேண்டியதை எதற்காக உட்கார்ந்து எழுதுகிறான் என்று நீ கேட்பாய். போனில் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ இரண்டாவதற்கு மறுப்புச் சொல்லிவிடுகிறாய். நான் மூன்றாவதைத் தேடும்போது மகள் போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். கடிதத்தில்தான் என்னால் முழுதாகப் பேச முடியும். ஆகவே தயவுசெய்து கடைசிவரை படி. ஓரத்தில் குறிப்பு எழுதும் வேலையெல்லாம் அப்புறம்.

சமூகவியலாளர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்து முடிந்தது. எதைப் பற்றி நடந்தது என்பது உனக்குத் தெரியும். புதிய ஆட்சி வந்ததிலிருந்து, இதனால் என்ன பயன் என்ற கேள்வி ஒவ்வொரு துறையின் வாசலிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. நம் துறையை இரண்டாக வெட்டுவதாக யோசனை. எண்ணிக்கை பார்க்கும் என் பிரிவைப் புதிய தரவு நிறுவனத்தோடு சேர்த்துவிடுவார்கள். மனிதர்களோடு உட்கார்ந்து பேசி எழுதும் உன் கள ஆய்வுப் பிரிவை மூடிவிடுவார்கள். துணைவேந்தர் சங்கத்தின் கருத்தைக் கேட்டிருந்தார். உன் வேலை நிற்குமா போகுமா என்பது அந்தக் கருத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நீயோ விடுப்பில் அவ்வளவு தூரத்தில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில். இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி அங்கே கேட்கிறார்கள் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். எழுதிய வரியில் சந்தோஷம் தெரிந்தது. மறைக்கப் பார்த்திருந்தாய், ஆனாலும் தெரிந்தது.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன். பல்கலைக்கழக அரங்கு கடைசி நேரத்தில் கிடையாது என்றாகிவிட்டது. மின்சாரப் பழுதாம். பழுதான அந்த அரங்கில் மறுநாளே அமைச்சருக்குப் பாராட்டு விழா ஜகஜ்ஜோதியாக நடந்தது. வேறு இரண்டு கல்லூரிகளில் கேட்டோம். கூட்டத்தின் தலைப்பில் ஆட்சி மாற்றம் என்ற சொல்லைப் பார்த்ததும் அவர்களுக்கும் மின்சாரப் பழுது தொற்றிக்கொண்டது. கடைசியில் கைகொடுத்தவன் உன் தம்பி. தன் டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையைத் திறந்துவிட்டான். சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். மேசைமேல் குறுக்கே வெட்டிய ஒரு கியர் பாக்ஸ். மூலையில் ஸ்டியரிங், ஹாரனோடு ஒரு பயிற்சி இருக்கை. “மாமா, உங்க ஆளுங்க அந்த கியர் பாக்ஸைத் தொடாம பாத்துக்குங்க. படிச்சவங்கதான் எல்லாத்தையும் நோண்டிப் பாப்பாங்க” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னான். அவன் சொல்லி முடிப்பதற்குள் சங்கத் தலைவர் அதில் விரலை விட்டு, கறுப்பு கிரீஸோடு வரவேற்புரை ஆற்றினார்.

காலை அமர்வுகள் கலகலப்பாகப் போயின. மாறும் அரசியலில் நம் துறை எந்தப் பக்கம் போவது என்று ஒருவர் உருக்கமாகப் பேசினார். அவர் தலைக்கு நேர் மேலே ‘இடப்புறம் திரும்பாதே’ என்ற பலகை. அவருக்கு அது தெரியாது, நாங்கள் ஏன் சிரிக்கிறோம் என்பதும் தெரியாது. இளம் விரிவுரையாளர் ஒருவர் அமைச்சகத்துக்குப் பிடித்த சொற்களை மட்டும் வைத்து ஒரு முழுக் கட்டுரை எழுதியிருந்தார். திறன், விளைவு, இலக்கு, மறுபடி திறன். கிண்டலா நிஜமா என்று கடைசிவரை பிடிபடவில்லை. வேலை தேடுகிறாராம். பாவம், அவருக்கே பிடிபடவில்லை போல.

இப்போது நான் செய்த திருக்கூத்து. கூட்டத்துக்கு ஆள் குறைந்துகொண்டே வருகிறதல்லவா? சிலருக்குச் சலிப்பு, சிலருக்குத் தங்கள் முகம் இங்கே தெரிந்துவிடுமோ என்ற பயம். ஏன் வருவதில்லை என்று முறையாக ஆராய்ந்துவிடுவோம் என நான் ஒரு கேள்வித்தாள் தயாரித்தேன். அருமையான கேள்வித்தாள். அதை வாசலில் நின்று, வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுத்தேன். ஆமாம், வந்தவர்களுக்கு. கணக்கெடுப்பு முறையியல் பாடம் நடத்துகிறவன் நான். நம் பொருளாளர் அம்மா, “கூட்டங்களுக்கு வராததற்கு முதன்மைக் காரணம்” என்ற கேள்விக்கு நேரே, “உங்கள் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன், கண் தெரியவில்லையா?” என்று எழுதிக் கொடுத்தார். தேநீர் வேளைக்குள் கதை எல்லா மேசைக்கும் போய்விட்டது. நீ மட்டும் இருந்திருந்தால் ஒரு வருடத்துக்கு என்னை விட்டிருக்க மாட்டாய்.

மதியம் உன் கட்டுரை. படிப்பதாக ஒப்புக்கொண்டிருந்தவர் உன் பிரிவின் சக ஆசிரியர்தான். கல்வித்துறை அதிகாரி ஒருவர் பின் வரிசையில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன். ஆனால் கட்டுரை மேசைமேல் அநாதையாகக் கிடந்தது. யார் படிக்கிறார்கள் என்று தலைவர் கேட்டார். எல்லோரும் சாலைக் குறியீடுகளை மிகவும் ஈடுபாட்டோடு படிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரேயடியாகக் கோபம் வந்தது. எழுந்துவிட்டேன்.

எழுந்த பிறகுதான் சங்கத்தின் விதி நினைவுக்கு வந்தது. வராதவரின் கட்டுரையைப் படிப்பவர், கேள்விகளுக்கும் எழுதியவராகவே நின்று பதில் சொல்ல வேண்டும். அவர் கருதுகிறார், அவரைத்தான் கேட்க வேண்டும் என்று நழுவக் கூடாது. நழுவினால் தலைவர் மணியடிப்பார். மணியை வீட்டில் மறந்துவிட்டு வந்திருந்ததால் தலைவர் பயிற்சி இருக்கையில் போய் உட்கார்ந்து ஹாரன்மேல் கையை வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை.

உன் கட்டுரையைப் பத்து வருடமாகச் சாப்பாட்டு மேசையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டை எழுதிக்கொள்கிறார்கள், அதனால் நம் எண்கள் பொய் சொல்கின்றன என்பாய். அது சிறு பிழை, கணிதத்தில் சரிசெய்துவிடலாம் என்பேன். ரசம் ஆறிப்போகும். அன்று அதையே உன் சொற்களில் சத்தமாகப் படித்தபோது, நடுவில் மறுக்க முடியவில்லை என்பதாலோ என்னவோ, முதல் தடவையாக முழுதாகக் காதில் விழுந்தது.

முதல் கேள்வி கேட்டவள் என் ஆய்வு மாணவி. முப்பத்தெட்டுப் பேரோடு பேசிவிட்டு ஒரு நகரத்தைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும் என்றாள். வார்த்தை மாறாமல் என் கேள்வி. நானே சொல்லிக்கொடுத்தது. என் மனைவி என்ன சொல்வாள் என்றால், என்று ஆரம்பித்தேன். ஹாரன் அலறியது. நல்ல கேள்விதான், ஆனால் அவள், என்றேன். மறுபடி ஹாரன். சபை குலுங்கியது. உன் தம்பி வெளியிலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

பிறகு ஒரு மூச்சு விட்டு, நீயாக நின்றேன். “நான் முப்பத்தெட்டுப் பேரை வச்சு நகரத்தை எண்ணலை. எண்ணினவங்க யாரை விட்டுட்டாங்கன்னு சொல்றேன். அடுத்த வீட்டுக்காரர் பகல்ல வீட்டுல இருக்கிறவர். பூட்டின வீட்டுக்காரர் ரெண்டு வேலைக்கு ஓடறவர், இல்லேன்னா வாடகை ஏறி வீடு மாறிப் போனவர். இவருக்கு அவர் எப்படிங்க பதிலாவார்?” என்றேன். மாணவி விடவில்லை. உதாரணம் கேட்டாள். அப்போதுதான் அது வாயில் வந்தது. “உதாரணமா என் கணவரை எடுத்துக்குங்க. பெரிய கணக்கெடுப்பு நிபுணர். கூட்டத்துக்கு வராதவங்க ஏன் வரலைன்னு இன்னிக்குக் காலையில வந்தவங்களைக் கேட்டார். வீட்டுல அவரோட நான் என்ன பாடு படறேன்னு யோசிச்சுப் பாருங்க” என்றேன்.

அதற்குப் பிறகு சற்று நேரம் கூட்டம் நடக்கவில்லை. பொருளாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் விதியை மறந்து மகிழ்ச்சியில் ஹாரன் அடித்தார். சிரிப்பு அடங்கியதும் பின் வரிசை அதிகாரி கையை உயர்த்தினார். “அப்போ பூட்டின வீட்டுல யார் இருக்காங்கன்னு தெரிஞ்சுக்க என்னதான் வழி மேடம்?” என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான், மேடம் என்று, முகத்தில் சிரிப்பே இல்லாமல். “மறுபடி போகணும் சார். அவங்க இருக்கிற நேரத்துக்குப் போகணும். போய் உக்காந்து பேசணும். அதுக்குத்தான் எங்க பிரிவு இருக்கு” என்றேன். அவர் அதை எழுதிக்கொண்டார். கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து, இடமாற்றத்தில் தான் நாலு ஊர் மாறியும் தன் வீட்டுக்கு ஒரு கணக்கெடுப்புக்காரரும் வந்ததில்லை என்று முறையிட்டார்.

துறையைப் பிரிக்கக் கூடாது, இரண்டு பிரிவும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானம் போட்டது. எதிராக யாரும் கை தூக்கவில்லை. தொண்டை கட்டிய நம் நண்பரும் ஆதரவாகக் கையைப் பாதி தூக்கி, பக்கத்தில் பார்த்து, பிறகு முழுதாகவே தூக்கினார். உன் தம்பி என்னை வாசலில் பிடித்து, “அக்கா பேசின மாதிரியே இருந்துச்சு மாமா. அந்தக் கோபம்கூட அப்படியே” என்றான். பல வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய பாராட்டு அது.

இனி, நான் சுற்றி வளைத்துக்கொண்டிருந்த விஷயம். முந்தாநாள் துணைவேந்தரின் பதில் வந்தது. இப்போதைக்குத் துறை பிரியாது, உன் பிரிவு இன்னும் ஒரு வருடம் நடக்கலாம். ஒரு நிபந்தனை. விடுப்பிலுள்ள ஆசிரியை, அதாவது நீ, பருவம் தொடங்கும்போது வேலையில் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உன் பணியிடமும் பிரிவும் ரத்து. ஒரு வருடத்துக்குப் பிறகு என்ன என்று கேட்டேன். அதற்குள் என்னென்னவோ மாறலாம் என்றார். அது நம்பிக்கையா மிரட்டலா என்று எனக்கு விளங்கவில்லை.

ஆக, அங்கே நிச்சயமான இரண்டு வருடம், நல்ல நூலகம், உன்னை மதிக்கும் மனிதர்கள். இங்கே நிச்சயமில்லாத ஒரு வருடம். இதை உன் தலையில் கட்டக் கூடாது என்று இரண்டு நாளாக என்னோடு நானே மல்லுக்கு நின்றேன். ஆனால் சொல்லாமல் இருப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

இன்னொன்று. தரவு நிறுவனத்திலிருந்து எனக்குத் தனியாக வேலைக்கு அழைப்பு வந்தது. பெரிய அறை, பெரிய ஜன்னல். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். நீ இதைப் படிக்கும்போது அந்தப் பதில் போய்ச் சேர்ந்திருக்கும், ஆகவே திட்டிப் பயனில்லை. உனக்காக எதையோ விட்டுக்கொடுத்தேன் என்று உருகவும் வேண்டாம். அவர்கள் காட்டிய கையேட்டில் பூட்டிய வீட்டுக்குப் பதில் அடுத்த வீடு என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அதைப் படித்துவிட்டு என்னால் கையெழுத்துப் போட முடியவில்லை. அவ்வளவுதான். பத்து வருடம் நீ சொல்லிக் கேட்காதவன், ஒரு மதியம் நானே சொல்லிக் கேட்டுவிட்டேன்.

இனி உள்ளதைச் சொல்கிறேன். நீ வர வேண்டும் என்று எனக்கு ஆசை. பிரிவுக்காக மட்டும் இல்லை. நீ போனதிலிருந்து இந்த வீட்டில் நான் சொல்வதெல்லாம் சரியாகவே இருக்கிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. மகள் எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கக் கற்றுக்கொண்டாள் என்பதுதான் என்னை உறுத்துகிறது.

ஆனாலும் அந்த இரண்டு வருடம் உனக்கு எவ்வளவு வேண்டும் என்று உனக்குத்தான் தெரியும். அதை எடைபோட எனக்கு அளவுகோல் இல்லை. நீ எந்தப் பக்கம் சொன்னாலும் மறுபேச்சு இல்லை, இது சத்தியம். காரணம் மட்டும் எழுதாதே. எழுதினால் நான் பதில் வாதம் எழுதுவேன், நம் வழக்கம் உனக்குத் தெரியாதா?

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. நினைத்தது எல்லாம் உனக்குக் கைகூட வேண்டும். வருகிறாய் என்றால், எந்த நாள் என்று எழுது. வரவில்லை என்றால், அந்த அறையில் மூன்று பேர் படுக்க இடம் இருக்குமா என்று எழுது.

அன்புடன்,
உன் கணவன்